அரை டிகிரியின் செலவு

தம்பானூர் ரயில் நிலையத்துக்கும் அதன் எதிரிலுள்ள கேரள அரசுப் பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட சாலையில் மழைக்குத் தண்ணீர் தேங்குவதை அறியாத திருவனந்தபுரவாசி இருக்கமாட்டார். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் அரசாங்கம் ஓடைகளைத் தூர்வார முனைந்ததற்கு இவ்வெள்ளமே பிரதான காரணம். அந்த நீர் மறைத்திருக்கும் குழியொன்றில் முன்சக்கரம் தடாலென்று இறங்கி ஏறும்போது வெளிப்பார்வைக்கு யாதொரு சேதமும் தெரிவதில்லையாயினும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு இம்மியளவு வளைந்துவிட்டால் சக்கரம் நோக்கும் திசை மாறி, அன்று முதல் டயரின் ஆயுள் குறையத் தொடங்கிவிடுகிறது.

நேர்ச்சாலையில் முன்சக்கரங்கள் இரண்டும் ஏறத்தாழ இணையாக நோக்க வேண்டும். ஒவ்வொன்றும் அரை டிகிரி உட்புறம் திரும்பியிருப்பதாக வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்குச் சுமார் 9 மீட்டர் வீதம் டயர் பக்கவாட்டில் இழுபட்டாக வேண்டும் என்று வடிவகணிதம் கூறுகிறது. தம்பானூரிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டரிலுள்ள நாகர்கோவிலை அடைவதற்குள் இது அரைக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ரப்பரின் நெகிழ்ச்சி இதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும் என்பது மெய்யே. எஞ்சியது உராய்வாகவும் உஷ்ணமாகவும் டயரைத் தின்கிறது. இதில் விசித்திரம் என்னவெனில், ஒரே நுகத்தில் பூட்டப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று சாயும் இரு மாடுகளைப்போல் அவ்விரு சக்கரங்களும் எதிரெதிரே தள்ளுவதால், வண்டி நேராகவே ஓடுகிறது. ஓட்டுபவருக்குச் சந்தேகமே எழுவதில்லை.

சந்தேகத்தைத் தீர்ப்பது கைதான். டயரின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தால், ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் கூரிய விளிம்பும் தட்டுப்படுவது இக்கோளாறின் லக்ஷணம். சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்திருக்கும் கேம்பர் கோளாறிலோ, ஒரு பக்க ஓரம் மட்டும் மொட்டையாகும். இரு ஓரங்களும் சமமாகத் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி என்று பொதுவாகக் கொள்ளலாம். காற்றுக் குறைவுக்குச் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்து பணத்தை விரயமாக்குவோரும் உண்டு.

தேய்ந்த டயரைப் பின்சக்கரத்துக்கு மாற்றுவது கோளாறை மறைக்குமேயன்றி நீக்காது. சக்கர இணைப்பிலுள்ள பால் ஜாயின்டில் ஆட்டம் இருக்கையில், கம்ப்யூட்டர் திரையில் எண்கள் சரியாக வரும்வரை டை ராடைத் திருகிவிடுவதும் வீண். வண்டி சாலையில் இறங்கியதுமே கோணம் மாறிவிடும். ஆதலால் அலைன்மென்ட் இயந்திரத்தைப் பொருத்துவதற்கு முன் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரு கைகளாலும் அசைத்துப் பார்க்கிற மெக்கானிக்கிடமே இவ்வேலையை ஒப்படைப்பது உசிதம்.