வாசலில் காவல் இருந்தால் போதுமா?



கம்ப்யூட்டர் திரையின் வலது பக்கம் கீழே, கடிகாரத்துக்கு அருகில், ஒரு சின்னக் கேடயப் படம் இருக்கும். அதில் பச்சை டிக் இருந்தால் ஆன்டிவைரஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். அது நாம் சொல்லாமலேயே நாள் முழுக்கக் காவல் காக்கிறது. "அதான் காவல் இருக்கே, அப்புறம் எதுக்கு நாம தனியா ஸ்கேன் போடணும்? கம்ப்யூட்டர் மெதுவாகுறதுதான் மிச்சம்" என்று சிலர் சொல்கிறார்கள். "இல்லை, வாரம் ஒரு தடவை முழு ஸ்கேன் போட்டே ஆகணும்" என்று சிலர் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? இதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன்.

இரண்டு வகைச் சோதனை

வைரஸ் என்பது தானாக முளைப்பது அல்ல. ஒரு மனிதர் எழுதிய புரோகிராம்தான். தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டு பரவுவது, ஃபைல்களைக் கெடுப்பது, பாஸ்வேர்டைத் திருடுவது எல்லாம் அதன் வேலை. இதில் பல ஜாதி உண்டு. நாம் பேச்சுக்கு எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்கிறோம்.

ஆன்டிவைரஸ் இதை இரண்டு வழியில் தேடுகிறது.

ஒன்று, நிகழ்நேரப் பாதுகாப்பு. ரியல் டைம் என்று சொல்வார்கள். ஒரு ஃபைலைத் திறக்கும்போது, காப்பி செய்யும்போது, இன்டர்நெட்டிலிருந்து இறக்கும்போது, அந்த நொடியிலேயே அதைப் பார்த்துவிடும். சந்தேகம் என்றால் தடுத்துவிடும்.

இரண்டு, நாமே பட்டனை அழுத்திச் செய்யும் ஸ்கேன். இது அசையாமல் கிடக்கும் ஃபைல்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும்.

வித்தியாசம் இதுதான். முதலாவது நடமாடுகிற ஃபைலைப் பார்க்கிறது. இரண்டாவது தூங்குகிற ஃபைலையும் தட்டி எழுப்பிப் பார்க்கிறது.

முதல் இடம் நிகழ்நேரப் பாதுகாப்புக்கே

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2017 மே 12, வெள்ளிக்கிழமை அன்று 'வான்னாகிரை' என்ற புழு உலகம் முழுக்கப் பரவியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலைகளே நின்றுபோயின. அது ஃபைல்களைப் பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கேன் போடும் பழக்கம் மட்டும் உள்ளவர்களுக்கு, ஞாயிறு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். வெள்ளம் வரும் நேரத்தில்தான் மடை அடைக்க வேண்டும், வடிந்தபிறகு அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

பிறகு ஸ்கேன் எதற்கு?

நம் கரிசல் காட்டில் உளுந்து, பாசிப்பயறு விளைகிறது. அறுத்து, அடித்து, மூட்டை கட்டி வீட்டுக்குள் வைக்கும்போது பயறு பளபளவென்று இருக்கும். ஒரு மாதம் கழித்து மூட்டையைப் பிரித்தால் பயறெல்லாம் ஓட்டை ஓட்டையாக, வண்டு ஓடும். வண்டு வீட்டுக்கு வந்தபிறகு விழுந்தது என்று நினைப்போம். ஆனால் பயறு வண்டு காட்டிலேயே காயின் மேல் முட்டை வைத்துவிடும். புழு பயறுக்குள் போய்விடும். மூட்டை வாசல்படி தாண்டும்போது யார் பார்த்தாலும் தெரியாது. அதனால்தான் வீட்டில் அப்பப்ப மூட்டையைப் பிரித்து, வெயிலில் காயப்போட்டு, புடைத்து வைக்கிறார்கள்.

கம்ப்யூட்டரிலும் இதேதான். ஆன்டிவைரஸ் வைரஸைக் கண்டுபிடிக்கும் ஒரு முக்கியமான வழி, ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியலோடு ஒப்பிடுவது. ஜெர்மனியில் உள்ள ஏ.வி.-டெஸ்ட் என்ற சோதனை நிறுவனம், ஒரு நாளைக்கு 4.5 லட்சத்துக்கும் அதிகமான புதிய கெட்ட புரோகிராம்களைப் பதிவு செய்வதாகச் சொல்கிறது. இன்றைக்கு உள்ளே வந்த ஃபைலின் அடையாளம் நாளைக்குத்தான் பட்டியலில் சேரலாம். வாசலில் பார்த்தபோது 'நல்ல பிள்ளை'. அது எங்கேயோ ஒரு ஃபோல்டரில் தூங்கிக்கொண்டிருக்கும். புதுப் பட்டியல் வந்தபிறகு ஸ்கேன் போட்டால் அகப்பட்டுவிடும்.

இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி வரும். "தூங்குற ஃபைல் தூங்கட்டுமே. அதைத் திறக்கும்போது நிகழ்நேரப் பாதுகாப்பு பிடிச்சிடுமே?"

உண்மைதான். ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர், ஒழுங்கான அப்டேட் என்றால் இந்தப் பதில் பெரும்பாலும் போதும். மைக்ரோசாஃப்ட்டே, நிகழ்நேரப் பாதுகாப்போடு விரைவு ஸ்கேன் இருந்தால் சாதாரணமாகப் போதும் என்றுதான் சொல்கிறது. அந்த விரைவு ஸ்கேனும் அவ்வப்போது தானாகவே நடக்கிறது.

ஆனால் நம் ஊரில் கம்ப்யூட்டர் அப்படித் தனியாக வாழ்வதில்லை. பென் டிரைவ் பள்ளிக்கூடத்திலிருந்து ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. அங்கிருந்து நெட் சென்டருக்கு, அண்ணன் அக்காவின் லேப்டாப்புக்கு, மறுபடி பள்ளிக்கு. நம்மிடம் தூங்குகிற ஃபைல், காவல் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் போய் விழித்துக்கொள்ளும். நமக்கு ஆபத்தில்லை என்பதால் அடுத்தவருக்கும் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. நாமே ஸ்கேன் செய்ய வேண்டியதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் முதல் காரணம்.

பென் டிரைவ் என்னும் ஊர்சுற்றி

எங்கள் தெரு அக்கா ஒருத்தி கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, சாதிச் சான்று, வருமானச் சான்று, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஸ்கேனரில் எடுத்துப் பென் டிரைவில் வைத்திருந்தாள். ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தன. விண்ணப்பிக்கக் கடைசி நாள் மறுநாள். "எல்லாம் அழிஞ்சு போச்சு, ஃபார்மேட் பண்ணிடு" என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். நல்லவேளை, விவரம் தெரிந்த ஒரு அண்ணன் தடுத்துவிட்டார்.

இந்த ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் ஃபைலை அழிப்பதில்லை, ஒளித்துத்தான் வைக்கிறது. ஒளித்த இடத்தில் அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும். நாம் அதை நம்பி இரட்டைக் கிளிக் செய்தால் வைரஸ் ஓட ஆரம்பிக்கும். அந்த அண்ணன் எதையும் கிளிக் செய்யாமல், நல்ல கம்ப்யூட்டரில் முதலில் பென் டிரைவை ஸ்கேன் செய்தார். பிறகு, மறைந்த ஃபைல்களைக் காட்டும் வசதியை இயக்கினார். சான்றிதழ் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒரு பிள்ளையின் படிப்பே அந்தச் சின்னப் பென் டிரைவில் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பென் டிரைவ் வழியாகப் பரவியதில் உலகப் புகழ் பெற்றவையும் உண்டு. 2008-இல் கிளம்பிய 'கான்ஃபிக்கர்', பென் டிரைவைச் செருகியவுடன் தானாக ஓடும் 'ஆட்டோரன்' வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' ஈரான் அணு ஆலையைக் குறிவைத்தது. ஆனால் அது அதிகம் பரவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் ஆட்டோரன் வசதியை முடக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அதன்பிறகு வைரஸ்காரர்கள் நம் விரலையே நம்பியிருக்கிறார்கள். அதற்குத்தான் ஷார்ட்கட்.

பக்கத்து மாவட்டத்துப் பாடம்

நமக்குப் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2019-இல் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் கெட்ட புரோகிராம் இருந்ததை, இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த கம்ப்யூட்டர் அது. அணு உலையை இயக்கும் உள் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று கழகம் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது, இதை முதலில் கண்டு சொன்னது வெளியில் இருந்த அமைப்பு. மத்திய அரசின் 'செர்ட்-இன்' என்ற அமைப்பு 2019 செப்டம்பர் 4-இல் கவனித்துத் தகவல் சொன்ன பிறகுதான் உள்ளே விசாரணை நடந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே, உள்ளே போய்த் தேடிப் பார்க்க வேண்டிய வேளை வருகிறது என்றால் நம் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்?

எப்போது, எந்த ஸ்கேன்?

1. பென் டிரைவ் வெளியே போய்வந்தால்: ஒவ்வொரு முறையும். பென் டிரைவ் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் ஸ்கேன் என்ற வரி வரும். அதை அழுத்திவிட்டுப் பிறகு திறக்கவும்.

2. ஆன்டிவைரஸைப் புதிதாகப் போட்டவுடன்: ஒரு முழு ஸ்கேன். காவல்காரர் வேலைக்குச் சேரும் முன்னரே உள்ளே வந்தவர்கள் இருக்கலாம் அல்லவா?

3. பல நாள் அப்டேட் இல்லாமல் இருந்தால், அல்லது யாராவது பாதுகாப்பை அணைத்து வைத்திருந்தால்: முதலில் அப்டேட், பிறகு முழு ஸ்கேன். கோடை விடுமுறை முடிந்து கம்ப்யூட்டரைத் திறக்கும் நாள் இதற்குச் சரியான நாள்.

4. ஜிப் ஃபைலை அடுத்தவருக்குக் கொடுக்கும் முன்: பல ஆன்டிவைரஸ்கள் ஜிப் ஃபைலைக் காப்பி செய்யும்போது உள்ளே பிரித்துப் பார்ப்பதில்லை. விரித்துத் திறக்கும்போதுதான் பார்க்கும். ஆனால் பாஸ்வேர்டு போட்ட ஜிப் என்றால் ஸ்கேனும் உள்ளே போக முடியாது.

5. கம்ப்யூட்டர் நடத்தையில் சந்தேகம் வந்தால்: ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ் உண்டு. இந்த ஸ்கேன் விண்டோஸ் எழும்பும் முன்னே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

இது எதுவும் இல்லாத சாதாரண நாளில் முழு ஸ்கேன் போட்டுக் கம்ப்யூட்டர் பீரியடை வீணாக்க வேண்டியதில்லை. முழு ஸ்கேனுக்குப் பல மணி நேரமும் ஆகலாம். சாயங்காலம் போட்டுவிட்டுப் போகலாம், கரண்ட் போகாமல் இருந்தால்!

ஸ்கேனால் முடியாதது

அப்டேட் இல்லாவிட்டால் இரண்டு காவலும் வீண். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் அவற்றில் ஓடும் கம்ப்யூட்டர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

நிகழ்நேரப் பாதுகாப்புக்கு இரண்டு ஆன்டிவைரஸைச் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நிற்கும். இன்னொரு கருத்துக் கேட்க வேண்டுமானால், ஸ்கேன் மட்டும் செய்யும் கருவி போதும். மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' இலவசமாகவே அப்படிப்பட்ட கருவிகளைத் தருகிறது.

மிக முக்கியமாக, பூட்டப்பட்ட ஃபைலை ஸ்கேன் திருப்பித் தராது. வைரஸை நீக்கும், போனது போனதுதான். ஆகவே சான்றிதழ், புராஜெக்ட் எதுவானாலும் இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வைத்திருங்கள். விதைப் பயறை ஒரே மூட்டையில் வைப்பார்களா?

உங்களுக்குத் தெரியுமா?

★ வெளியே பரவிய முதல் வைரஸ்களில் ஒன்றான 'எல்க் க்ளோனர்' 1982-இல் எழுதப்பட்டது. எழுதிய ரிச் ஸ்க்ரென்டா அப்போது அமெரிக்காவில் 15 வயதுப் பள்ளி மாணவர். பென் டிரைவ் இல்லாத காலம் என்பதால் அது ஃப்ளாப்பியில் பரவியது. 50-ஆவது முறை இயக்கும்போது திரையில் ஒரு பாட்டு வரும்!

★ நம் சென்னையிலேயே ஆன்டிவைரஸ் தயாரிக்கிறார்கள். கே7 கம்ப்யூட்டிங் என்ற நிறுவனம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது.

★ ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க 'ஐகார்' என்ற சோதனை ஃபைல் உண்டு. வெறும் 68 எழுத்துகள். வைரஸே அல்ல, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பார்த்ததும் கத்த வேண்டும் என்று ஒப்பந்தம். ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்து பாருங்கள்.

முடிவாக

இரண்டு கட்சியும் பாதி சரி. நிகழ்நேரப் பாதுகாப்பு எப்போதும் வேண்டும், அதை அணைக்கவே கூடாது. நாமே செய்யும் ஸ்கேன் தினமும் வேண்டாம், ஆனால் மேலே சொன்ன ஐந்து நேரங்களில் கட்டாயம் வேண்டும். அதிலும் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால், முதலாவதை வையுங்கள். பென் டிரைவைச் செருகியதும் திறக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். அதற்கு ஆகிற இரண்டு நிமிடம் நமக்காக மட்டும் இல்லை, நமக்கு அடுத்து அந்தக் கம்ப்யூட்டரில் உட்காரப் போகிறவருக்காகவும்தான்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, எட்டயபுரம்