தூதர்கள் கதை – 14: படுக்கையிலிருந்து ஒரு தந்தி

பெர்லினிலும் ரீகாவிலும் ரஷ்ய மொழி படித்த ஜார்ஜ் கென்னன், 1933 கடைசியில் சோவியத் யூனியனுக்கான முதல் அமெரிக்கத் தூதர் புல்லிட்டோடு மாஸ்கோவில் வந்து இறங்கினார். போன வாரம் அவரை அங்கேதான் விட்டோம். இப்போது ஒரே தாவலாக 1946 பிப்ரவரிக்குப் போய்விடலாம்.

அதே மாஸ்கோ. தூதர் ஹாரிமன் ஊருக்குக் கிளம்பிவிட்டார், அடுத்தவர் இன்னும் வந்து சேரவில்லை. தூதரகப் பொறுப்பு கென்னன் தலையில். வயது 42. ஜலதோஷம், காய்ச்சல், சைனஸ், போதாததற்குப் பல்வலி. ஆள் படுத்த படுக்கை. அந்த நேரம் பார்த்து வாஷிங்டனிலிருந்து ஒரு கேள்வி வருகிறது. உலக வங்கியிலும் ஐ.எம்.எஃப்.பிலும் சேர ரஷ்யர்கள் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறார்கள்? கேட்டது நிதித்துறை. நாலு வரி எழுதி அனுப்பினால் போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கென்னனுக்கோ பொறுமை போயிருந்தது. ஒன்றரை வருடமாக எழுதி எழுதி அனுப்பியும் எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள் அல்லவா, முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று செயலாளரைக் கட்டிலுக்கருகே உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

தந்தி என்றால் நமக்குத் தெரிந்தது நாலு வார்த்தை. வார்த்தைக்கு வார்த்தை காசு. பிப்ரவரி 22 அன்று கென்னன் அனுப்பியது ஐயாயிரத்துச் சொச்சம் வார்த்தை. பிற்பாடு நினைவுக் குறிப்புகளில் அவரே எட்டாயிரம் என்று எழுதினார். தான் சுமந்த மூட்டை தனக்குக் கூடுதல் கனமாகத்தானே தெரியும்! தந்தித் தடத்துக்குச் சுமை ஏற்றுவதற்காக ஆரம்பத்திலேயே மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, ஐந்து பாகமாகப் பிரித்து அனுப்பினார்.

அதில் அவர் சொன்னது இதுதான். ரஷ்ய ஆட்சியாளர்களின் பகைமைக்கு நாம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. சுற்றிலும் எதிரி என்ற பயம் அந்த மண்ணில் ஜார் காலத்திலிருந்தே ஊறியது, மார்க்சியம் அதற்குக் கிடைத்த புதுச் சட்டை. நியாயம் பேசி அவர்களை அசைக்க முடியாது. ஆனால் எதிரே உறுதியாக ஒருவர் நின்றால் பின்வாங்கிவிடுவார்கள். ஆகவே போர் தேவையில்லை. கடைசியில் வைத்த எச்சரிக்கை தன் சொந்த நாட்டுக்கு: எதிரியைச் சமாளிக்கப்போய் எதிரி மாதிரியே நாமும் ஆகிவிடக் கூடாது.

இதே தந்தி ஆறு மாதம் முன்னால் போயிருந்தால் கோப்புக்குள் தூங்கியிருக்கும். ஸ்டாலின் பிப்ரவரி 9 அன்று ஆற்றிய உரையைப் படித்துவிட்டு வாஷிங்டன் குழம்பிக் கிடந்த வேளையில் இது போய்ச் சேர்ந்தது. கடற்படை அமைச்சர் ஃபாரஸ்டல் பிரதி எடுத்து அதிகாரிகளுக்கெல்லாம் படிக்கக் கொடுத்தார். அடுத்த ஆண்டே வெளியுறவுத் துறையில் கொள்கைத் திட்டமிடல் என்று புதிதாக ஒரு பிரிவு, கென்னன் அதற்குத் தலைவர். வெளியுறவு அமைச்சர் மார்ஷல் அவருக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: சில்லறை விஷயங்களில் இறங்காதே. ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டத்தில் கென்னனின் கை இருக்கிறது. என்னைக் கேட்டால் அவர் உருப்படியாகச் செய்த பெரிய காரியம் அதுதான். பேர் கிடைத்தது வேறொன்றால்.

1947 ஜூலையில் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘எக்ஸ்’. அது யார் என்பது சில நாளிலேயே பத்திரிகைகளுக்குத் தெரிந்துபோனது. அந்தக் கட்டுரையிலிருந்து ஊர் பிடித்துக்கொண்ட சொல், ‘கன்டெய்ன்மென்ட்’. கொரோனா காலத்தில் இதே சொல்லைச் சொல்லித்தான் நம் தெருமுனைகளில் தகரம் வைத்து அடைத்தார்கள். வாஷிங்டனும் கிட்டத்தட்ட அப்படித்தான் புரிந்துகொண்டது. எங்கெங்கே சிவப்போ அங்கெல்லாம் தகரம். கென்னன் நினைத்தது வேறு. பெரிய போருக்கான ஆயுதம் செய்யும் தொழில் வலு உலகில் ஐந்து இடங்களில்தான் உண்டு: அமெரிக்கா, பிரிட்டன், ரைன் நதிக்கரை ஜெர்மனி, ஜப்பான், ரஷ்யா. மற்ற நான்கும் ரஷ்யா கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், அதையும் படையை வைத்து அல்ல, பொருளாதாரத்தையும் அரசியலையும் வைத்து என்பது அவர் கணக்கு. கட்டுரையில் அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது அவர் பிழை. பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் வரிசையாகப் பத்திகள் எழுதிக் கிழித்தபோது, அந்த விமர்சனத்தில் பாதி தன் கருத்தேதான் என்று கென்னனுக்குத் தெரியும். அரசுப் பதவியில் இருந்துகொண்டு வாய் திறக்க முடியுமா?

அப்புறம் நேட்டோ, ஹைட்ரஜன் குண்டு. இரண்டையும் உள்ளே இருந்தே எதிர்த்தார். எடுபடவில்லை.

1952 மே மாதம் அதிபர் ட்ரூமன் அவரை மாஸ்கோவுக்கே தூதராக அனுப்பினார். பழுத்த ஸ்டாலின் காலம். வாசலைத் தாண்டினால் பின்னாலேயே காவலர்கள். எந்த ரஷ்யரும் பேச வரமாட்டார். அந்த செப்டம்பரில் வாஷிங்டனிலிருந்து தொழில்நுட்ப ஆட்கள் வந்தார்கள். ஓர் இரவு தூதரை அவர் அறையில் உட்கார்ந்து சத்தமாக டிக்டேஷன் கொடுக்கச் சொன்னார்கள். கென்னன் எப்போதோ அச்சான பழைய தூதரக ஆவணம் ஒன்றை எடுத்து, இன்றைய ரகசியம் போல கம்பீரமாக வாசிக்க ஆரம்பித்தார். சுவரை ஒவ்வொரு இடமாகத் தடவிவந்த ஆள், அங்கே மாட்டியிருந்த மரத்தாலான அமெரிக்க அரசு முத்திரையைச் சுத்தியலால் உடைத்தார். 1945இல் சோவியத் சிறுவர்கள் அன்பளிப்பாகத் தந்தது அது. உள்ளே பென்சில் அளவில் ஒரு கருவி. பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால் மட்டும் உயிர் பெற்று ஒட்டுக்கேட்கும். ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கென்னனை அதைவிட அதிகமாகச் சுட்டது ஒரு சின்ன விஷயம். தூதர் மாளிகைத் தோட்டத்தில் அவருடைய குட்டிப் பையன் மணலில் விளையாடிக்கொண்டிருக்கிறான். வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டொரு ரஷ்யக் குழந்தைகள் கையை உள்ளே விட்டுச் சிரிக்கின்றன. காவலர்கள் வந்து விரட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் 19. லண்டனில் நடக்கவிருந்த கூட்டத்துக்குப் போகும் வழியில் பெர்லினின் டெம்பிள்ஹாஃப் விமான நிலையத்தில் இறங்குகிறார். ரஷ்யர்களோடு பழக முடிகிறதா என்று ஒரு நிருபர் கேட்டார். மழுப்பிவிட்டுப் போவது தூதர் வேலையின் அரிச்சுவடி. கென்னன் வெடித்துவிட்டார். 1941 டிசம்பரில் ஹிட்லர் அமெரிக்கா மீது போர் அறிவித்தபோது பெர்லின் தூதரக ஊழியர்களோடு அவரையும் பாட் நௌஹைம் என்ற ஊரில் ஐந்து மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். மாஸ்கோ வாழ்க்கை ஏறத்தாழ அப்படித்தான், வெளியே நடமாட விடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம் என்றார். நாஜிகளோடான போரில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த நாட்டை நாஜிகளோடு ஒப்பிட்டு, அதையும் பெர்லினில் நின்றுகொண்டு!

சோவியத் கட்சி நாளேடான ‘பிராவ்தா’ பாய்ந்தது. அக்டோபர் 3 அன்று சோவியத் அரசு அவரை விரும்பத்தகாத நபர் என்று அறிவித்தது. சோவியத் வரலாற்றில் அப்படி வெளியேற்றப்பட்ட ஒரே அமெரிக்கத் தூதர் அவர்தான். வெளியேற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்தான் ஏற்கெனவே வெளியில் இருந்தாரே, திரும்பி வராதே என்றார்கள். மாஸ்கோ மாளிகையில் சாமான்களைக் கட்டிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பும் வேலை மனைவி அன்னலீஸுடையது.

அடுத்த வருடம் வெளியுறவு அமைச்சராக வந்த டல்லஸ், கென்னனுக்குக் கொடுக்க வேலை எதுவும் இல்லை என்றார். 49 வயதில் ஓய்வு. பதின்மூன்று வருடம் கழித்து, வியட்நாம் போர் பற்றிக் கேட்க செனட் குழு கூப்பிட்டபோது அவர் தொலைக்காட்சி கேமராக்கள் முன்னால் உட்கார்ந்து பேசியதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)