தொடர்வழிச் செய்தியும் காலம் தவறாத கணிப்பொறியும்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவர மலைக்குச் செல்லும் பாதையில் ஹனூர் அமைந்துள்ளது. முன்னர் மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். இத்தகையதோர் ஊரில் ஓடையின் நீர்மட்டத்தை அளக்கும் கருவி ஒன்று நிறுவப்பட்டுள்ளதாகக் கொள்வோம். மட்டம் உயர்ந்தால் கணிப்பொறி உடனே மதகைத் திறத்தல் வேண்டும். கருவி அனுப்பும் எண்களில் ஓர் இலக்கம் தவறினும் அளவு பிழைபடும். காலந்தாழ்த்தி வரினும் பயனில்லை.

கருவியையும் கணிப்பொறியையும் இணைப்பது பெரும்பாலும் தொடர்வழியே, அஃதாவது 'சீரியல் போர்ட்' ஆகும். இதில் பிட்டுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். ஒவ்வோர் எழுத்துக்கும் தொடக்கப் பிட் ஒன்றும், செய்திப் பிட்டுகள் எட்டும், முடிவுப் பிட் ஒன்றும் ஆகப் பத்துப் பிட்டுகள் வேண்டும். இம்முறை தொலை அச்சுப்பொறிகளிலிருந்து வந்தது. அப்பொறிகளை நம் நாட்டில் செய்வதற்கென 1960-இல் சென்னையில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவப்பெற்றது. லினக்ஸில் இவ்வழிக்கு வழங்கும் 'டி.டி.ஒய்.' என்னும் பெயரும் அப்பொறியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே.

வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் 960 எழுத்துகள் வரும். 1,15,200 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஆகும் காலம் சுமார் 87 மைக்ரோ வினாடியே. பழைய 8250 சில்லு ஓர் எழுத்தையே தாங்கி வைக்கும். 16550 சில்லு 16 எழுத்துகளைத் தாங்கும். அவை நிரம்பச் சுமார் 1.4 மில்லி வினாடி போதும். அதற்குள் கணிப்பொறி அவற்றை எடுத்துக்கொள்ளாவிடின், பின்வருவன இழக்கப்படும்.

நிகழ்நேர லினக்ஸ் என்பது மிகு வேகமுடையது என்று பொருளன்று. குறித்த காலத்தை மீறாதது என்பதே பொருள். இதற்குரிய திருத்தம் 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் மூல லினக்ஸுடன் இணைந்தது. நெடுநாள் தடையாயிருந்தவற்றுள் ஒன்று, லினக்ஸ் தன் சொந்த அறிவிப்புகளை மெதுவான தொடர்வழியில் எழுதிமுடிக்கும் வரை பிற வேலைகள் காத்து நின்றமையேயாகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை சில உள. முதலாவது, வழியைப் 'பச்சை' நிலையில் அமைத்தல். இல்லையேல் வரி முடியும் வரை எழுத்துகள் நிறுத்தி வைக்கப்படும். இரண்டாவது, வாசிக்கும் பணியைத் தனி இழையாக்கி உயர் முன்னுரிமை தருதலும், அதன் நினைவகம் வட்டுக்குச் செல்லாவண்ணம் பூட்டுதலும். மூன்றாவது, குறுக்கீட்டைக் கவனிக்கும் இழைக்கும் தக்க முன்னுரிமை அளித்தல். மேலிருப்பது விரைந்தும் கீழிருப்பது தாமதித்தும் பயனில்லை. நான்காவது, யு.எஸ்.பி. மாற்றிகளைச் சோதித்தல், சிலவற்றில் 16 மில்லி வினாடி காத்திருப்பு இயல்பாகவே அமைந்துள்ளது. இறுதியாக, செய்திதோறும் சரிபார்ப்பு எண் சேர்த்தல்; பிழையான அளவைக்கொண்டு மதகை இயக்குவதினும் அதனைத் தள்ளி மறுபடி கேட்பது நன்று.

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். ஒன்பது ஊசி இணைப்பியில் 2, 3 ஆம் ஊசிகளைக் கம்பியால் இணைத்தால் அனுப்பிய எழுத்தே திரும்பி வரும். கணிப்பொறி ஓய்ந்திருக்கையிலும் வேலைப்பளு மிகுந்திருக்கையிலும் அதற்காகும் காலத்தைப் பலமுறை அளந்து ஒப்பிடுக. சராசரியைக் கொண்டு நிறைவடையலாகாது. மிகப் பெரிய தாமதம் எதுவோ, அதுவே வெள்ளக் காலத்தில் கணக்கில் வரும்.