கரும்பலகையிலிருந்து மந்திரி சபைக்கு



சில நாட்களுக்கு முன் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். "மௌலவி, மகன் ஓ.எல். எழுதி முடித்துவிட்டான். தெரிந்த புடவைக் கடையொன்றில் நிற்பாட்டலாம் என்றிருக்கிறோம். இதற்கு மேல் படித்து மந்திரியாகவா வரப்போகிறான்?" என்றார். மாத்தளையில் படிப்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் அன்று, மந்திரியாகவே வந்த ஓர் ஆசிரியரின் கதையை அவருக்குச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மர்ஹூம் டி.பி. ஜாயா அவர்களைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். துவான் புர்ஹானுதீன் ஜாயா என்பது முழுப் பெயர். 1890 ஜனவரி 1ஆம் திகதி கலகெதரயில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பொலிஸ் சேவையில் இருந்தவர். தோட்டமும் துரவும் நிறைந்த பரம்பரையல்ல. அந்தக் குடும்பம் பிள்ளைக்குக் கொடுத்த சொத்து படிப்பு மட்டுமே. கொழும்பு முகத்துவாரத்தில் அன்றிருந்த சென் தோமஸ் கல்லூரியில் கற்றார். பின்னர் கண்டி தர்மராஜா, மொரட்டுவை பிரின்ஸ் ஒப் வேல்ஸ், கொழும்பு ஆனந்தா ஆகிய கல்லூரிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். பௌத்தப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறைகளில் ஒரு முஸ்லிம் ஆசிரியர் மதிப்போடு படிப்பித்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகளை விளங்கிக்கொள்ள அது உதவும்.

1921இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் போன்றோரின் முயற்சியாலும், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வந்திருந்த ஒராபி பாஷாவின் ஊக்கத்தாலும் 1892இல் தொடங்கிய கல்விக்கூடம் அது. ஜாயா பொறுப்பேற்ற பின்னரே நாடறிந்த பெரிய கல்லூரியாக அது வளர்ந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் அதன் அதிபராக இருந்தார்.

அதிபராகி மூன்றே ஆண்டுகளில், 1924இல், சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். அப்போது முழு இலங்கை முஸ்லிம்களுக்கும் சேர்த்து மூன்றே ஆசனங்கள். எச்.எம். மாக்கான் மாக்கார், என்.எச்.எம். அப்துல் காதர் ஆகியோருடன் மூன்றாமவராக ஜாயா சென்றார். அந்தத் தேர்தலில் உங்கள் உம்மம்மாவின் உம்மாவுக்கு வாக்கு இருக்கவில்லை. சொத்தோ வருமானமோ கொண்ட, எழுத்தறிவுள்ள ஆண்கள் மட்டுமே வாக்களித்தார்கள். 1931இல்தான் டொனமூர் யாப்பின் மூலம் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதே யாப்பு இனவாரி ஆசனங்களை ஒழித்துவிட்டது. சிதறி வாழும் நம் சமூகத்துக்கு அது பெரும் அடி. தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமென்று வாதாடியவர்களுள் ஜாயாவும் ஒருவர். 1936இல் அரசாங்க சபைக்கு நியமன உறுப்பினராகவே அவர் செல்ல முடிந்தது.

சகோதரிகளே, இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமானது. 1945 நவம்பரில் நாட்டின் புதிய அரசியல் யாப்பு பற்றிய வெள்ளை அறிக்கை அரசாங்க சபையில் வாக்குக்கு வந்தது. சமூகத்தின் கோரிக்கைகள் எல்லாம் நிறைவேறியிருக்கவில்லை. "எங்கள் பங்கைத் தாருங்கள், பிறகு கை உயர்த்துகிறோம்" என்று பேரம் பேச அது நல்ல தருணம். ஜாயா அப்படிச் செய்யவில்லை. நாட்டின் விடுதலையை முன்னே வைத்து ஆதரவளித்தார். 51க்கு 3 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது.

அவர் செய்தது சரியா என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும், அது நியாயமான கேள்விதான். ஆனால் 1947இல் பல இனத்தவரும் வாழும் மத்திய கொழும்புத் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திர இலங்கையின் முதல் மந்திரி சபையில் தொழில், சமூக சேவை அமைச்சராக அவர் அமர்ந்தார். 1950இல் பாகிஸ்தானுக்கான உயர்ஸ்தானிகரானார்.

மாத்தளைக்கும் இவருக்கும் என்ன உறவு என்கிறீர்களா? முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் கொழும்புக்கு வந்து படிக்க முடியாது என்பதை உணர்ந்து, ஸாஹிராவின் கிளைகளை வெளியூர்களில் நிறுவினார். கம்பளை, அளுத்கமை, புத்தளம் ஆகிய ஊர்களோடு நமது மாத்தளைக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. அந்த வாசல் வழியாக நம்மூரில் எத்தனை குடும்பங்களின் நிலை மாறியது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்று நமது பெண் பிள்ளைகளுக்கு ஆமினா பெண்கள் பாடசாலையும் இருக்கிறது.

நபி யூஸுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பைக் கேட்டபோது தம் குலத்தைச் சொல்லவில்லை. பாதுகாக்கும் நேர்மையையும் அறிவையுமே தகுதியாகச் சொன்னார்கள். இந்த இரண்டையும் கடையில் வாங்க முடியாது. ஒன்று வீட்டில் தாயின் மடியில் தொடங்குகிறது. மற்றது பாடசாலையில் வளர்கிறது.

ஹஜ் கடமைக்காகச் சென்றிருந்த ஜாயா அவர்கள் 1960 மே 31ஆம் திகதி மதீனாவில் வபாத்தானார்கள். ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

கதையைக் கேட்ட அந்தத் தாய் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "வாப்பாவிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் நிற்பது கேவலமல்ல. ஹலாலான உழைப்புக்கு என்றும் கண்ணியமுண்டு. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் புத்தகத்தை மூடும் முன், உங்கள் வீட்டிலும் இன்னொரு முறை பேசிப் பாருங்கள். அவன் மந்திரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. நாலு பேருக்குப் படிப்பிக்கும் மனிதனாக வரட்டும்.

அல்லாஹ் அன்னாரின் சேவைகளைப் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.