ஒரு சிட்டிகை மண்ணில் மூன்று கிரவுண்ட்

ஒரு கிராம் களிமண்ணின் பரப்பளவை எப்படி அளப்பது? துகள்களை எடுத்து அளவுகோல் வைக்க முடியாது. அதற்கு ஒரு நீலச் சாயம் போதும், நேயர்களே: மெத்திலீன் நீலம்.

பென்டோனைட் களிமண்ணை நீரில் கரைத்து, சாயக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கலக்கி, கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டை வடிதாளில் வைக்கிறார்கள். நடுவில் கரும் நீலப் பொட்டு, சுற்றிலும் நிறமற்ற ஈரம். மண் சாயத்தை முழுக்கப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பொட்டைச் சுற்றி வெளிர்நீல வளையம் தோன்றி, மறையாமல் நின்றால் மண்ணில் இனி இடமில்லை.

மற்றதெல்லாம் கணக்கு. ஒரு சாய மூலக்கூறு களிமண்மீது படுத்துக்கொள்ளும் இடம் சுமார் 1.3 சதுர நானோமீட்டர். ஒரு கிராம் மண் 300 மில்லிகிராம் சாயத்தைப் பிடித்திருந்தால், பரப்பு 730 சதுர மீட்டருக்கும் மேல். மனைக் கணக்கில் மூன்று கிரவுண்டைத் தாண்டிவிடும்!

ஆய்வகங்களில் பெரிதும் நம்பப்படுவது 1938-இல் புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும் வகுத்த நைட்ரஜன் வாயு முறை. ஆனால் களிமண் விஷயத்தில் சாயம்தான் கெட்டிக்காரர். வாயு முறைக்கு மண்ணை உலர்த்த வேண்டும். உலர்ந்தால் களிமண்ணின் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், நைட்ரஜன் உள்ளே போகாது. நீரிலோ அடுக்குகள் விரிந்து சாயத்துக்கு வழிவிடும்.

தேங்காய்ச் சிரட்டைக் கரியில் நிலைமை தலைகீழ். அதன் நுண்துளைகள் பலவற்றில் நைட்ரஜன் நுழைந்துவிடும். பருத்த சாய மூலக்கூறு வாசலிலேயே நின்றுவிடும்.