உங்களுக்குத் தெரியுமா? விரலைக் கண்டுபிடிக்கும் ஒளி!

திருவண்ணாமலை உட்பட தமிழ்நாட்டின் பல ஊர்களில், வகுப்பறைக் கரும்பலகைக்குத் துணையாகப் பெரிய தொடுதிரைப் பலகைகள் வந்துவிட்டன. இத்தகைய பலகைகள் பலவற்றில் விரல் படுவதை உணர்வது கண்ணாடி அல்ல, ஒளிதான்!

● எப்படி? திரைச் சட்டத்தின் இரண்டு பக்கங்களில் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகளும், எதிர்ப்பக்கங்களில் ஒளி உணரிகளும் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கதிர்கள், ஆரணிப் பட்டின் பாவும் ஊடையும் போலத் திரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் வைத்ததும் இரு திசையிலும் சில கதிர்கள் மறைபடும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே தொட்ட இடம்.

● செல்போனில் வேறு முறை: செல்போன் திரைக்கு விரலின் மின்கடத்தும் தன்மை தேவை. இங்கே ஒளியை மறைத்தாலே போதும். கையுறை போட்ட விரல், பென்சில், மரக்குச்சி எல்லாமே எழுதும்.

● கல்விக்காகவே வந்தது: 1972-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் கொண்டுவந்த பிளேட்டோ 4 கல்விக் கணினியின் திரையில் 16×16 கதிர்க் கட்டம் இருந்தது. மாணவர்கள் திரையைத் தொட்டே விடை சொன்னார்கள். 1983-இல் ஹெச்பி-150 கணினியும், 2011-இல் அமேசானின் கிண்டில் டச் கருவியும் அகச்சிவப்புக் கதிர்களையே பயன்படுத்தின.

● ஆசிரியர்கள் கவனத்துக்கு: சட்டத்தின் ஓரத்தில் சாக்பீஸ் தூசி படிந்தாலோ பூச்சி ஒட்டினாலோ, யாரும் தொடாமலே பலகை தடுமாறும். பழுது என்று முடிவு கட்டும் முன், உலர்ந்த மென்துணியால் நான்கு ஓரங்களையும் துடைத்துப் பாருங்கள்.