ஒளிந்திருக்கும் கோரைப்பல்லும் த்ரீ-டி ஸ்கேனும்

பிள்ளைகளுக்குப் பல்லில் கிளிப் போடுவது இன்று நம் வீடுகளில் சகஜமாகிவிட்டது. "ஒரு த்ரீ-டி ஸ்கேன் எடுத்துடுங்க" என்று டாக்டர் சிலருக்குச் சொல்வதும் உண்டு. அந்தப் படத்தை அவர் எப்படிப் படிக்கிறார் என்று நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

1931-ல் அமெரிக்காவில் பிராட்பென்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தலையை அசையாமல் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையைத் தந்தார்கள். இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் தட்டையான படமாதலால் இடதும் வலதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். 1990-களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் கோன் பீம் சி.டி. வந்தது. கருவி தலையைச் சுற்றி வந்து பல படங்களை எடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றைப் பொடிப்பொடிக் கனசதுரங்களாக அடுக்கித் தாடையை உருவாக்கும்.

திரையில் சுழலும் மண்டையோடு பார்க்க அழகுதான். ஆனால் மெல்லிய எலும்பைக் கம்ப்யூட்டர் விட்டுவிடுவதால், எலும்பு உள்ள இடத்திலும் ஓட்டை தெரியும். ஆகவே படிக்கப் பழகுபவர் முதலில் தலையை நேராக்கி, மேலிருந்து கீழ், முன்னிருந்து பின், இடமிருந்து வலம் என மூன்று திசையிலும் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். கேள்வி ஒரு பல்லைப் பற்றியதானாலும் படத்தில் விழுந்த சைனஸ், தாடை மூட்டு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். சேலையை முழுசா விரிச்சுப் பாக்காம விலை பேசலாமா?

மேல் கோரைப்பல் சுமார் 11, 12 வயதில் முளைக்கும். நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு அது எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். அது அண்ணப் பக்கமா, உதட்டுப் பக்கமா, பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அரிக்கிறதா என்பதை ஒற்றைத் தட்டைப் படத்தில் உறுதியாகச் சொல்வது கடினம். துண்டுப் படத்தில் தெரியும். திசை தெரியாமல் இழுத்தால் கோரைப்பல் அந்த வேரிலேயே முட்டும்; நல்ல வெட்டுப்பல்லும் கெடும்.

அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் வேண்டாம். வளரும் உடலைக் கதிர்வீச்சு அதிகம் பாதிக்கும். கிளிப் போடும் எல்லாருக்கும் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க வாய்-முகக் கதிரியக்க அகாடமி 2013-ல் சொன்னது. எனவே பெற்றோர் இரண்டு கேள்வி கேட்கலாம்: "எந்தச் சந்தேகத்துக்காக இந்த ஸ்கேன்? முழுப் படத்தையும் படிச்சு ரிப்போர்ட் தரப்போவது யார்?" நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.